மாப்பிள்ளை செய்த நீர்மூழ்கி

கோணநேரியில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. ஏமாற்றுவதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்; அந்தப் பழக்கம் அங்கே கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுவார்கள். 'பாலைப் பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டுப் போனால், பொங்கி வழிந்து அடுப்பு அணைகிறவரை பார்த்துவிட்டு, 'பார்த்தேன், நன்றாகப் பொங்கியது' என்பார்கள்.

அந்த ஊரில் லேத் பட்டறை வைத்திருந்தவன் இசக்கியப்பன். கூட்டாளிகள் இரண்டு பேர். வெல்டிங்குக்கு மாடக்கண்ணு, பெயின்ட்டுக்கு நாறும்பூ. இசக்கியப்பனின் கைக்கு நல்ல அறிவு உண்டு. பித்தளையோ இரும்போ, மயிரிழை பிசகாமல் கடைந்துவிடும். அந்த அறிவு தோளுக்கு மேலே ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் பிரமு என்ற பெண், வீட்டு கிரைண்டரின் தண்டு தேய்ந்துவிட்டது என்று கொண்டுவந்து கொடுத்தாள். "அவசரமில்ல, மெதுவா செய்யுங்க" என்றாள். அவன் மெதுவாகச் செய்தான். அவள் வாரம் தவறாமல் வந்து, ஆயிற்றா என்று கேட்டாள். மெதுவாகச் செய்துகொண்டிருப்பதாக அவனும் சொன்னான். கார்த்திகையில் வந்த தண்டு சித்திரையிலும் ஆகவில்லை. ஆனால் அதற்குள் இருவருக்கும் பிரியம் முற்றிவிட்டது.

பிரமுவின் அப்பா ஆவுடையப்பன், கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சமைத்துப்போட்டு ஓய்வு பெற்றவர். இசக்கியப்பன் பெண் கேட்டுப் போனபோது அவர் முறுக்கிய மீசையை இன்னும் முறுக்கினார். ஆவணியில் களக்காட்டிலிருந்து ஒரு பேங்க் மாப்பிள்ளை பார்க்க வருவதாகவும், அதற்குள் தன் பழைய கப்பலைப்போலவே ஒன்று செய்துகாட்டினால் யோசிப்பதாகவும் சொன்னார்.

"நெசக் கப்பல்ல நூத்துல ஒரு பங்கு அளவு. உள்ள இருந்த சாமான் எல்லாம் இருக்கணும், என் அடுப்படியும் சேத்து. ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக்கூடாது. முங்கினா கரையில நிக்கவன் கண்ணுக்குத் தெரியக்கூடாது. முங்கி மேல வந்தா நிச்சயதார்த்தம். வரலேன்னா பொண்ணு களக்காட்டுக்கு."

"சரி மாமா."

"அண்ணாச்சின்னு சொல்லு. மாமாவெல்லாம் கப்பல் மேல வந்த பொறவு."

கப்பலின் படத்தை அவரே ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுத்தார். அதில் பாதிக் கப்பல் அடுப்படியாக இருந்தது. மீதிப் பாதியில் டார்பிடோ, எஞ்சின், கேப்டன் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

வேலை தொடங்கியது. எதுவும் கடையில் கிடைக்காது. ஒவ்வொன்றையும் கடைந்து, ராவி, வளைத்துத்தான் செய்ய வேண்டும். தகரத்தைச் சுருட்டி உடம்பு செய்தார்கள். பின்னால் சுழலும் விசிறிக்குப் பித்தளையில் இதழ் இதழாக ராவினான் இசக்கியப்பன். தண்ணீருக்குள்ளிருந்து மேலே எட்டிப் பார்க்கும் குழாயைப் பேனா ரீஃபிலில் செய்தான். அடுப்படிக்குச் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தோசைக்கல் கடைந்தான்.

தோசைக்கல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டாமா? ஊசிமுனையில் மாவு தொட்டு ஒரு தோசை வார்த்தார்கள். மாடக்கண்ணு அதை நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். உப்புக் குறைவு என்றான். ஒரு உப்புக்கல்லை எடுத்து நூறாக உடைக்க உட்கார்ந்ததில் அன்றைய பொழுது போயிற்று.

அடுத்தது போல்ட்டு. நூறில் ஒரு பங்கு போல்ட்டு, கடுகைப் பார்த்துப் பொறாமைப்படும் அளவு. இசக்கியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைந்து, உள்ளங்கையில் வைத்து, "ஏல, பாருங்கல" என்று மூச்சை விட்டான். போல்ட்டு பறந்துவிட்டது.

மூவரும் பட்டறையைப் பெருக்கினார்கள். மரக்கால் அளவு குப்பை சேர்ந்தது. அதில்தான் போல்ட்டு இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எது போல்ட்டு என்பதில்தான் சந்தேகம்.

"குப்பைல போல்ட்டு இருக்கு. குப்பைய கப்பல்ல போட்டா, போல்ட்டும் கப்பல்ல இருக்கும்லா" என்றான் மாடக்கண்ணு.

மறுக்க முடியாத வாதம். குப்பை கப்பலுக்குள் போயிற்று.

பெயின்ட்டு நாறும்பூவின் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியக்கூடாது என்றால் குளத்துத் தண்ணீரின் நிறமாகவே இருக்க வேண்டும். பச்சை அடித்துப் பார்த்தான், ஒத்துவரவில்லை. நீலம் அடித்தான், அதுவும் இல்லை. இரண்டையும் சுரண்டிவிட்டு, குளத்திலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து பிரஷ்ஷில் தொட்டு அடித்தான். அச்சு அசல் அதே நிறம். ஆனால் காய்ந்ததும் தகரம் பளபளத்தது. இரண்டாவது கோட்டு அடித்தான். மூன்றாவதும் அடித்தான். கம்பெனித் தண்ணீராக இருந்தால் பிடிக்கும், குளத்துத் தண்ணீரில் கலப்படம் என்று சலித்துக்கொண்டான்.

கடைசியில் மாடக்கண்ணு, தண்ணீர் ஒரு சொட்டும் போகாதபடி மேல்மூடி, வாசல், ஓட்டை எல்லாவற்றையும் பற்றவைத்து அடைத்தான்.

ஆவுடையப்பன் வந்து பார்த்தார். தடவிப் பார்த்தார். விசிறியைச் சுண்டிப் பார்த்தார், சுழன்றது. இசக்கியப்பனுக்கு நெஞ்சு அதைவிட வேகமாகச் சுழன்றது. அடுப்படியைக் காட்டச் சொன்னார் அவர்.

"அண்ணாச்சி, தண்ணிக்கே வழி கிடையாது. கண்ணுக்கு எங்க வழி?" என்றான் இசக்கியப்பன்.

ஆவுடையப்பன் யோசித்தார். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். கப்பலைக் காதோடு வைத்துக் குலுக்கினார். உள்ளே கடகட என்றது. "இது கரண்டி" என்றார். மறுபடி குலுக்கினார். "இது தோசைக்கல்லு." மூன்றாவது முறை குப்பை சரசரத்தது. அவர் கண் கலங்கிவிட்டது. "கடுகு தாளிக்க சத்தம்ல இது" என்றார்.

களக்காட்டுக்காரர்கள் வருவதற்கு முந்தைய நாள் காலையில் கப்பலைக் குளத்தில் இறக்கினார்கள். ஊரே கரையில் நின்றது. கப்பல் மிதந்தது. வெயிலில் மின்னிக்கொண்டு, காற்று தள்ளிய பக்கமெல்லாம் போயிற்று.

"என்னல இது, வாத்து மாதிரி போவுது?" என்றார் ஆவுடையப்பன்.

இசக்கியப்பனுக்கு வேர்த்தது. களக்காட்டு மாப்பிள்ளைக்குச் சுருட்டை முடி என்று யாரோ சொன்னது வேறு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. கல்லைக் கட்டினால் இறங்கும் என்றான் மாடக்கண்ணு. ஆனால் கல்லும் நூறில் ஒரு பங்காகத்தானே இருக்க வேண்டும்? கூழாங்கல் ஒன்றைத் தேடிக் கட்டினார்கள். கப்பல் அதையும் சுமந்துகொண்டு மிதந்தது.

பிரமு வீட்டுக்குப் போய், சும்மா கிடந்த கிரைண்டர் குழவியைத் தூக்கிவந்தாள். தண்டு வராததால் அதற்கும் வேலையில்லை. கொச்சக்கயிற்றில் இரண்டு முழம் விட்டு, குழவியைக் கப்பலோடு கட்டித் தள்ளிவிட்டார்கள். 'குபுக்' என்று ஒரு சத்தம். கப்பலைக் காணவில்லை.

கரை முழுக்கக் கைதட்டல். தன் பெயின்ட்டு பிடித்துவிட்டது என்று நாறும்பூ எல்லோரிடமும் போய்ச் சொன்னான்.

இனி மேலே வர வேண்டும். வரவில்லை. நிஜக் கப்பல் ஒருமுறை முங்கினால் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கும் என்று இசக்கியப்பன் கேட்டான். ஒரு மாதம் என்றார் ஆவுடையப்பன். நூறில் ஒரு பங்கு கணக்குப் போட்டதில், சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்று தெரிந்தது. எல்லோரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சாயங்காலமும் வந்தது, கப்பல்தான் வரவில்லை.

கயிற்றை அறுத்துவிட்டால் தானாக வந்துவிடுமே என்று, ஆடு ஓட்டிக்கொண்டு போன வெளியூர்க்காரர் ஒருவர் சொன்னார். அவரை எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். இறக்கிவிட்ட கயிற்றையே அறுத்தால் பிறகு கப்பலுக்கு யார் துணை என்று கேட்டான் மாடக்கண்ணு. அந்த மனிதர் ஆடுகளைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆவுடையப்பன் எழுந்து வேட்டியை உதறினார். "மேல வரல. காலைல களக்காட்டுக்காரங்க வந்துருவாங்க" என்றார். இசக்கியப்பன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை நாள் கடைந்ததெல்லாம் போயிற்று.

"யப்பா" என்றாள் பிரமு. "கரையில நின்னு பாத்தா எல்லாம் கீழதான் தெரியும். நீங்க அடியில போய் உக்காந்து பாருங்க."

ஆவுடையப்பன் யோசித்தார். கழுத்தளவுத் தண்ணீர்தான். இறங்கினார், மூக்கைப் பிடித்தார், முங்கினார். அடியில் குழவிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு அண்ணாந்து பார்த்தார். இரண்டு முழக் கயிற்றின் நுனியில், அவர் தலைக்கு நேர் மேலே கப்பல் நின்றது.

குபீரென்று எழுந்தார். மீசையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"மேல வந்துட்டுல மாப்ள."

"வந்துட்டா மாமா?" என்றான் இசக்கியப்பன். அவர் திருத்தவில்லை.

ஒரே ஒரு சிக்கல் மிஞ்சியது. கப்பல் அடியிலிருந்து பார்த்தால்தான் மேலே இருக்கிறது; கரையில் வைத்து நிச்சயம் செய்தால் வாக்குத் தவறியதாகிவிடும். எனவே மறுநாள் காலை நிச்சயதார்த்தம் குளத்துக்குள் நடந்தது. இரண்டு வீட்டாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். ஐயர் தண்ணீருக்குள் லக்கினப் பத்திரிகை வாசித்தார். வாசகம் குமிழி குமிழியாக மேலே வந்தது. இடம் கிடைக்காமல் கரையில் நின்றவர்கள் குமிழிகளைக் கும்பிட்டார்கள். மாற்றிய தட்டுகளிலிருந்து வெற்றிலை பாதி தப்பித்துப் போய்விட்டது. களக்காட்டுக்காரர்கள் வந்து, கரை நெடுக வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

இசக்கியப்பன் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தான். பிரமு சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னம் உப்பியிருந்ததால் இன்னும் அழகாக இருந்தாள்.

வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாது என்று ஆவுடையப்பன் தூக்குவாளியோடு தானே முங்கி, அடியில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் கையால் பரிமாறினார். எல்லோரும் திருப்தியாகத்தான் கரையேறினார்கள். மாப்பிள்ளையின் அத்தை மட்டும் புடவையைப் பிழிந்துகொண்டே முகத்தைச் சுளித்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் செஞ்சாங்க. காப்பில மட்டும் கொஞ்சம் தண்ணி சாஸ்தி."