கிழிபட ஆசைப்பட்ட தாள்

ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு இரண்டாம் ஆண்டுக்கு ஒரு ஜெராக்ஸ் தொகுப்பு இருந்தது. நாற்பது தாள், நீல அட்டை, ஓரத்தில் ஸ்பைரல். வருஷா வருஷம் போன வருஷத்துத் தொகுப்பையே கடையில் கொடுப்பார்கள், புதுசாக அறுபது வந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று கொடுப்பவர்கள் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

அதில் பதினேழாம் தாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "உலகத்தில் நடந்த ஒவ்வொரு போரையும் ரகசியமாகக் கூடித் தூண்டிவிட்டவர்கள் யூதர்கள்தான்" என்று அடித்துச் சொல்லும். ஆதாரமா? அதெல்லாம் அதனிடம் கேட்கக் கூடாது.

பதினாறாம் தாள் பஞ்ச காலத்து மழையைப் பற்றியது; நேர்மையானது. அதற்கு மனசு உறுத்தியது. "ஏம்பா, நீ சொல்றது பொய்யில்லையா?"

"பொய்தான். ஆனா நீ பக்கத்துல இருக்கியே. உன்னை நம்புறவன் என்னையும் நம்பிடுவான்" என்றது பதினேழு.

ஜெராக்ஸ் மெஷினைக் கேட்டால், "நான் வெளிச்சம் அடிக்கிறேன், அவ்வளவுதான்" என்றது. ஸ்பைரலோ, "எனக்குக் கோக்கத்தான் தெரியும்" என்றது. கேட்கிற நமக்கே எரிச்சல் வருகிறது.

அந்த வகுப்பில் சிப்போரா என்று ஒரு யூதப் பெண். பூர்வீகம் கொச்சி, வளர்ந்தது கோவை. அவள் டிபன் பாக்ஸில் தினமும் கைவைக்கிற தோழி வான்மதி. பதினேழாம் தாளைப் படித்த அன்று வான்மதி கைவைக்கவில்லை. தயங்கித் தயங்கி, "தப்பா நினைக்காதடி. உங்க ஆளுங்க நிஜமாவே இப்படியா?" என்று கேட்டாள்.

சிப்போரா டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். கூடவே இருந்தவளே இப்படிக் கேட்டால், இனி அந்த வகுப்பில் எந்த முகத்தோடு உட்காருவது? நேரே பேராசிரியர் இளம்பரிதியிடம் போனாள்.

"மாற்றுக் கருத்தும் தெரிஞ்சிருக்கணும்மா" என்றார் அவர்.

"இது கருத்தா சார்? நீங்க படிச்சிருக்கீங்களா?"

அவர் அங்கேயே படித்தார். முகம் சுண்டிவிட்டது. "ஒன்பது வருஷமா கொடுக்கறேன். இன்னைக்குத்தாம்மா படிக்கிறேன். மன்னிச்சுடு. கிழிச்சுப் போட்டுடலாம்."

பதினேழாம் தாளுக்கு ஒரே குஷி. "கிழிக்கட்டும். அப்பதான் எனக்கு மவுசு. எதையோ மறைக்கிறாங்கன்னு தேடிப் படிப்பாங்க."

சிப்போரா ஒத்துக்கொள்ளவில்லை. "அறுபது பேர் படிச்சாச்சு சார். கிழிச்சா அவங்க மனசுல இருக்கறது போயிடுமா?"

நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து இரண்டு தாள்கள் கொண்டுவந்தாள். அந்தப் பொய்யை யார், எதற்காக எழுதினார்கள் என்று ஒன்று சொன்னது. அதை நம்பிய ஒரு கூட்டம் ஒரே தெருவில் கொன்றுபோட்ட யூதர்களின் பெயரும் வயதும் இன்னொன்றில் இருந்தன. பேராசிரியர் எல்லாத் தொகுப்பையும் வாங்கி, ஸ்பைரலைக் கழற்றி, பதினேழுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கோக்கச் சொன்னார். வகுப்பில் எழுந்து நின்று தன் தவறையும் சொன்னார்.

பதினேழு பதறியது. "இதுக்கு என்னைக் கிழிச்சே போட்டிருக்கலாம். இவங்க நடுவுல என்னால வாயைத் திறக்க முடியாது."

"நான் உன்னோட சண்டை போடலையே. பேரும் வயசும்தானே சொல்றேன்" என்றது பெயர்த் தாள்.

வான்மதி விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. ரூத், மூன்று மாதம்.

சிப்போராவின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. பதினேழாம் தாளைத் திருப்பி, "இந்தக் குழந்தை எந்தப் போரைத் தூண்டிவிட்டது?" என்று அதனிடமே கேட்டாள்.