பெரிய சாமிக்கு உப்பு

தாழைமுனை மடத்தில் குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு அறுபது. சீடர் பொன்னம்பலம் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து மனு எழுதிப் பிழைத்தவர். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தார். மனு எழுதுகிற பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. எந்தச் சொல்லைப் போட்டால் வெள்ளைக்காரத் துரையின் மனசு இளகும் என்று தனக்குத் தெரியும் என்பார். இளகி யாரும் பார்த்ததில்லை.

பங்குனியில் ஒரு விடியற்காலை, குருவின் குருவான பெரிய சாமி காலமானார்.

அந்த மடத்தில் சாமியார்களை எரிப்பதில்லை. குழிக்குள் சம்மணமிட்டு உட்காரவைத்து, தலை மறைய உப்பைக் கொட்டி மூடுவார்கள். உப்பை விலைக்கு வாங்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு கைப்பிடி என்று ஊரே கொண்டுவந்து போட வேண்டும். "என்னையும் உப்புக்குள்ள உட்கார வச்சிடுப்பா" என்று பெரிய சாமி கேட்டிருந்தார். குரு அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

சர்க்கார் உப்பு வரியை ஏற்றியதிலிருந்து பாதி வீட்டில் கஞ்சிக்கே உப்பில்லை. இருந்தும் கொண்டுவந்தார்கள். இல்லாதவர்கள் உப்பளத்து ஓரத்தில் தானாகப் பூத்துக் கிடந்ததைச் சுரண்டி வந்தார்கள். அது சட்டப்படி திருட்டு. கருவாடு போட்டு விற்கிற காத்தாயி, மீனுக்கு வைத்திருந்த பானையை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் ஆறு கூடை சேர்ந்தது.

உப்பு இலாகா சேவகர்கள் வந்தார்கள்.

"உப்புக்கு வரி கட்டுன சீட்டு எங்க?"

"சாமிக்குப் போடுற உப்புக்கு ஏதுங்க சீட்டு?" என்றார் பொன்னம்பலம்.

கூடைகளைத் தூக்கிப்போய் உப்பளத்துச் சேற்றில் கொட்டி மிதித்தார்கள். அதில் ஒரு சேவகன் உள்ளூர்க்காரன். குழிக்குள் உட்கார்ந்திருந்த பெரிய சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு அவனும் போய் மிதித்தான்.

பொன்னம்பலம் காகிதத்தை எடுத்தார்.

"என்ன கேட்டு எழுத, சாமி?"

"வரியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்க" என்றார் குரு.

கருணாசாகரமே, தர்மதுரையே என்று ஒரு பக்கம் எழுதிவிட்டுத்தான் பொன்னம்பலம் விஷயத்துக்கே வந்தார். பார்த்துக்கொண்டிருந்த காத்தாயி சொன்னாள்.

"இதையும் உப்புல ஊறப் போட்டு அனுப்புங்கய்யா. அவன் படிக்கிற வரைக்கும் கெடாம இருக்கணுமே."

மனுவை உப்பளத்து மேட்டில் கூடாரம் அடித்திருந்த உப்பு இலாகா துரைக்குக் கொடுத்தனுப்பினார்கள். பொழுது சாயும்போது பதில் வந்தது. முடியாது.

மறுநாள் வெயில் ஏறியது. பெண்கள் குழிக்கு மேலே சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தார்கள். பெரிய சாமியின் முகம் மாறத் தொடங்கியிருந்தது. குரு அதைப் பார்க்க முடியாமல் அழுதார்.

"இப்ப என்ன கேட்டு எழுத, சாமி?"

"வரி இருந்துட்டுப் போகட்டும். மிதிச்ச அந்த உப்பை மட்டும் கேளுங்க."

இந்த முறை பொன்னம்பலம் ரெண்டு பக்கம் கெஞ்சினார். மத்தியானம் சேவகன் வந்து பதிலைப் படித்தான். மிதித்த உப்பு சர்க்கார் சொத்து. அந்தச் சேற்றைத் தொட்டாலும் ஜெயில்.

 குரு கூடையை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். உப்பு மிதிபட்ட இடத்தில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றை அள்ளினார். பின்னாலேயே காத்தாயி வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் வந்தார்கள். சுமந்து சுமந்து கொட்டினார்கள். சேறு பெரிய சாமியின் மடியை மூடியது, மார்பை மூடியது, கழுத்துக்கு வந்தது.

அப்போதுதான் போலீஸ் வந்தது.

காத்தாயி கடைசிக் கூடையோடு குழிப்பக்கம் வந்துகொண்டிருந்தாள். கீழே போடு என்றார்கள். அவள் போடவில்லை. மண்டையில் அடி விழுந்தது. கூடையோடு குழியின் விளிம்பில் சாய்ந்தாள். சேறு பெரிய சாமியின் தலைமேல் விழுந்து மூடியது.

இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். நினைவு திரும்பவேயில்லை.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து, பொன்னம்பலம் பழையபடி காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன கேட்டு எழுத, சாமி? அவ புள்ளைங்களுக்கு ஏதாவது கேக்கட்டுமா? அடிச்சவனுக்குத் தண்டனை கேக்கட்டுமா?"

"எதையும் கேக்க வேண்டாம்."

"அப்ப மனு வேண்டாமா?"

"எழுதுங்க. காத்தாயி செத்துப்போயிட்டா, இனிமே நீங்க எங்களுக்கு வேண்டாம், உங்க ஊரைப் பார்த்துப் போங்க, அவ்வளவுதான்."

பொன்னம்பலம் நிமிர்ந்து பார்த்தார்.

"நாம வரியைக் குறைக்கத்தானே சாமி கேட்டோம்?"

"அது காத்தாயி இருந்தப்ப."

 பொன்னம்பலம் எழுதினார். நாற்பது வருஷத்தில் அவர் எழுதிய மனுக்களிலேயே சின்னது அதுதான், மூன்றே வரி. எழுதி முடித்ததும் பேனா நின்றது.

"அடியில வழக்கம்போல 'தங்கள் அடிமை'ன்னு போட்டுரவா சாமி? அது இல்லாட்டி கையில வாங்கவே மாட்டான்."

"வாங்காட்டிப் போறான். உங்க பேரை மட்டும் போடுங்க."