மல்லிகைக்கு ஆகாத தண்ணீர்

முன்னொரு காலத்தில், கடற்காற்று வாங்கவென்றே நாலா திசையிலிருந்தும் சீமான்கள் வந்திறங்கும் பட்டினம் ஒன்றை ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்குத் திடீரென்று ஓர் ஆசை. விருந்தினர் மாளிகை ஒவ்வொன்றின் முன்னாலும் பச்சைப் புல்வெளியும் மல்லிகைப் பந்தலும் வேண்டுமாம். அதுவும் சித்திரை வெயிலில்!

அதற்குத் தண்ணீர்? மாளிகைகளில் குளித்த நீரை மணல் தொட்டிகளில் வடிகட்டித் தோட்டத்துக்குக் கொண்டுபோக முன்னோர் சுடுமண் குழாய் போட்டிருந்தார்கள். அது உடைந்து வருஷக்கணக்காயிற்று. தோட்ட அதிகாரி சேந்தனார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீனவர் குப்பத்துக் கிணற்றில் கமலை மாடுகளைப் பூட்டி இறைத்தார். இறைக்க இறைக்கக் கடல் உள்ளே புகுந்து கிணறு உப்புக் கரித்தது.

அரண்மனை விகடகவி தத்தனை மறித்து இதைச் சொன்னவள் மீன்காரி வலம்புரி.

"புல்லுக்கு நல்ல தண்ணி, எம்புள்ளைக்கு உப்புத் தண்ணியா? குடிச்சிட்டு வாந்தியா எடுக்குதுய்யா! ஒங்க ராசாகிட்ட இதையும் வெகடமாச் சொல்லு, சிரிக்கட்டும்!"

தத்தன் நேரே சபைக்குப் போனான். "அரசே, குப்பத்துக் கிணறு உப்பாகி, அதைக் குடித்த குழந்தை வாந்தி எடுக்கிறது. குழாய்களைப் பெரிதாக்கிப் புதிதாய்ப் போடுங்கள். தொட்டிகளை ஆழப்படுத்துங்கள். குளித்த நீரே தோட்டத்துக்குப் போதும்."

அவனைக் கண்டாலே ஆகாத சேந்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டார். "கேட்டீர்களா, அரசே! அழுக்குக் கழுவிய நீரைத் தங்கள் மல்லிகைக்கு ஊற்றச் சொல்கிறான்!"

சபை முழுவதும் "சீச்சீ" என்றது. வெட்கங்கெட்ட சபை! குழந்தையைப் பற்றிக் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ராஜா முகம் சுளித்தார். "எதையேனும் கழுவிய நீர் நம் தோட்டத்துக்குள்ளும் அரண்மனைக்குள்ளும் ஒரு சொட்டும் நுழையலாகாது. அதைக் காப்பது உன் பொறுப்பு, தத்தா. தவறினால் கசையடி."

"உத்தரவு, அரசே," என்றான் தத்தன்.

மறுநாள் மதியம் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். பக்கத்து இலையில் சேந்தனார். இருவருக்கும் உயிரான வெண்டைக்காய் மண்டிக் குழம்பு வரவேண்டிய நாள். இலையில் வெறும் சோறுதான் இருந்தது. மண்டிச் சட்டியை அணைத்துக்கொண்டு வாசலில் தத்தன் நின்றான்.

"உள்ளே விட வழியில்லை, அரசே. இது அரிசி களைந்த தண்ணீரில் வைத்தது. தங்கள் உத்தரவு."

"மடையா!" என்று கத்தினார் சேந்தனார். பசி அவருக்கு. "முதல் தண்ணீரை மாட்டுக்கு ஊற்றிவிட்டு இரண்டாம் தண்ணீரில் வைப்பதுதானே மண்டி! அதில் அழுக்கு ஏது?"

தத்தன் சட்டியை உயர்த்திக் காட்டினான். "ஆக, அழுக்குப் போய்விட்டால் கழுவிய நீர் அரசர் நாவுக்கே ஆகும். மல்லிகை வேருக்கு மட்டும் ஆகாதா? அதற்காகக் குப்பத்துக் குழந்தை உப்புத் தண்ணீர் குடிக்க வேண்டுமா?"

ராஜா சட்டியைப் பார்த்தார். சேந்தனாரைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கமலையை இப்போதே அவிழுங்கள். புதுக் குழாய் வரும்வரை புல் காய்ந்தால் காயட்டும். சேந்தனாரே, மண்டி அப்புறம். எழுந்துபோய்க் குழாய் வேலையைத் தொடங்கும்!" என்றவர், தம் முத்துமாலையைக் கழற்றித் தத்தனுக்குப் போட்டார்.

தத்தன் சிரிக்கவில்லை. "மாலை இருக்கட்டும், அரசே. கிணறு தெளியும்வரை அரண்மனைக் கிணற்று நீர் குப்பத்துக்குப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா.

அன்று மாலையே தண்ணீர் வண்டி குப்பத்தில் நின்றது. குழந்தை மடக்மடக்கென்று குடித்து முடிக்கும்வரை வலம்புரி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தத்தன் பக்கம் திரும்பினாள்.

"இப்பச் சொல்லுய்யா ஒன் வெகடத்த. சிரிக்கிறேன்."