கால் முளைத்த கிழங்கு

அந்தக் காலத்தில், செடிகொடிகளுக்கெல்லாம் வாய் இருந்தபோது, சீனத்தின் வடக்கு மலைக்காட்டில் குவோ என்றொரு கரி சுடுகிறவன் தனியாகக் குடியிருந்தான். காடெங்கும் ஓயாத பேச்சு. அவனிடம் மட்டும் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். மரத்தைச் சுட்டுப் பிழைக்கிறவனோடு எந்த மரம் பேசும்? அந்த மரத்தில் கூடு கட்டிய பறவைதான் பேசுமா?

பைன் மர நிழலில் ஒண்டிக் கிடந்த ஜின்செங் செடி மட்டும் அவனோடு பேசியது. அதையும் யாரும் சீண்டுவதில்லை. அப்போதெல்லாம் அதன் கிழங்கு முள்ளங்கி மாதிரி ஒரே கட்டையாக இருக்கும். மாலையானால் குவோ வந்து பக்கத்தில் உட்காருவான். பெரிதாக என்ன பேசிவிட்டார்கள்? மழை வருமா, வராதா என்பதுதான். இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

ஒரு வருடம் குவோவுக்குச் சாப்பாடே செல்லவில்லை. இரண்டு வாய்க் கஞ்சி குடித்தாலே வயிறு உப்பிக்கொள்ளும். நாலு எட்டு வைப்பதற்குள் ஓய்ந்து உட்கார்ந்துவிடுவான். இப்படியே போனால் பிழைக்கமாட்டான் என்று செடிக்குத் தெரிந்தது. மருந்து தானேதான் என்பதும் தெரியும். பயத்தில் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது. பிறகு மனசு கேட்கவில்லை.

"அண்ணே, என் கிழங்கைத் தோண்டிக் கொதிக்கவச்சுக் குடிங்க. பசி எடுக்கும், தெம்பு வரும்."

"போடா பைத்தியக்காரா! உன்னைத் தின்னுட்டு நான் யார்கிட்டப் போய்ப் பேசுறது?"

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவ்வளவு தூரம் நடக்க அவனுக்குத் தெம்பில்லை. காத்துப் பார்த்த செடி, மண்ணை உதறிக்கொண்டு கிளம்பியது. உந்தி உந்தி வெளியே வந்ததில் கிழங்கின் அடி இரண்டாகப் பிளந்து கால்களாயிற்று. பக்கவேர்கள் கைகளாயின. தத்தித் தத்திக் குடிசைக்குள் நுழைந்தது. அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டுக் குவோ கண்ணயர்ந்திருந்தான். கூப்பிட்டால் தடுத்துவிடுவானே என்று சத்தம் காட்டாமல் பானைக்குள் இறங்கிக் கரைந்துபோனது.

கஞ்சி கசந்தது. ஆனால் குடித்ததும் பசித்தது. பானையையே காலி செய்தான். விடிந்ததும் எழுந்து நின்றான், கால் நடுங்கவில்லை. "தம்பிகிட்டச் சொல்லணும்" என்று சந்தோஷமாக ஓடினான்.

பைன் மரத்தடியில் குழிதான் இருந்தது. அங்கிருந்து சின்னச் சின்னக் காலடிகள் அவன் வாசலுக்குப் போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை. குவோவுக்குப் புரிந்தது. குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பீ, தம்பீ" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதான்.

அன்று முதல்தான் ஜின்செங் கிழங்குக்குக் கையும் காலும் வந்தன. அதைத் தோண்டப் போகிறவர்கள் முதலில் சத்தமாக ஒருமுறை கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சநேரம் காத்திருப்பதும் அன்று முதல்தான். பதில் வந்தால் தோண்டக் கூடாதாம். இதுவரை வந்ததில்லை.