குத்தூசியும் நெல் மலையும்

முன்னொரு காலத்தில் வெண்ணாட்டை விசயமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று மறந்தும் போகும். ஆனால் அதற்குள் யாராவது நாடு கடத்தப்பட்டிருப்பார்.

ஓர் ஐப்பசி மழையில் கூரை ஒழுக, களஞ்சியக் காவலர் இருளப்பன் பழைய சம்பா நெல்லையும் புதுக் குறுவை நெல்லையும் அவசரமாக ஒரே களஞ்சியத்தில் கொட்டிவிட்டார். நெல் பிழைத்தது; அவர் மாட்டிக்கொண்டார்.

"விதைக்குப் பங்கு பிரிக்க வேண்டும். குறுவை எவ்வளவு, சம்பா எவ்வளவு? மூன்று நாளில் தெரியாவிட்டால் நீ நாட்டிலேயே இருக்கக்கூடாது!" என்றார் ராஜா.

அந்தக் காவல் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கக் காத்திருந்த அமைச்சர் நீலாம்பரர், "நூறு ஆட்களை வைத்து ஒவ்வொரு மணியாக எண்ணுகிறேன், பிரபு" என்று முந்திக்கொண்டார்.

இருளப்பனின் மனைவி செவந்தி களத்தில் நெல் புடைப்பவள். அவள் ராஜாவிடம் கேட்டது நீளமான குத்தூசிகளும் நாலு பெண்களும்தான். குவியலுக்குள் குத்தினால் ஒரு பிடி நெல்லோடு வெளியே வருமே, அந்தக் குழாய்தான் குத்தூசி.

"என் வீட்டுக்காரரு பாதிப்பாதினு நெனைக்கிறாரு, மகாராஜா. அதுல தொடங்குறேன். மூலைக்கு ஒருத்தி குத்துவா. ஒவ்வொரு பிடியா வர வர, என் கணக்கைத் திருத்திக்குவேன்."

"எந்த நெல் என்றே தெரியாத சூம்பல் மணியை?" என்று மடக்கினார் நீலாம்பரர்.

"ரெண்டுக்கும் பங்கு போட்டுருவேன், சாமி. இதுவரைக்கும் எது அதிகமோ, அதுக்குக் கூடுதல் பங்கு."

மூன்றாம் நாள் நூறு ஆட்களும் வாசல் மூலையைத்தான் தாண்டியிருந்தார்கள். கடைசியில் கொட்டிய குறுவை குவிந்து கிடந்த மூலை அது. நீலாம்பரர் அசரவில்லை. "பத்துக்கு ஒன்பது குறுவை!" என்றார்.

"நூறுக்கு அறுபது குறுவை. நாலஞ்சு கூடலாம், குறையலாம்" என்றாள் செவந்தி. "நேத்திலேர்ந்து எங்க குத்தினாலும் கணக்கு பெருசா அசையலை."

யாரும் தொடாத இடத்தில் ராஜாவே குத்தி, நூறு மணியை எண்ணவைத்தார். குறுவை அறுபத்து மூன்று.

"பார்த்தீர்களா, அறுபது என்று சொன்னாளே, தப்பு!" என்று கூவினார் நீலாம்பரர்.

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜா இருளப்பனை வேலையில் வைத்துக்கொண்டு, செவந்தியைக் களஞ்சிய மேற்பார்வைக்கு அமர்த்தினார். குத்தூசி சுமக்கும் வேலை நீலாம்பரருக்குப் போனது.

"என் சபையில் அறிவாளிகள் எத்தனை, முட்டாள்கள் எத்தனை? சொல்" என்றார் ராஜா.

செவந்தி நீலாம்பரரை ஒருமுறை பார்த்தாள். "இப்பத்தான் ஒரு பிடி எடுத்திருக்கு, மகாராஜா. இன்னும் கொஞ்சம் பேரைப் பேசவிடுங்க, சொல்லிடுறேன்."

அன்று முழுக்க சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.