ஞிமிறு வைத்திருந்த பல்லி

"ஞி... மி... று."

கூரைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது, ஆளைக் காணோம். கீழே தென்னோலையில் கிடுகு முடைந்துகொண்டிருந்த பூவாயி தலை நிமிரவில்லை. யாரென்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் பல்லிகளும் நம்மைப் போலப் பேசின. நம்மைவிட நன்றாகவே பேசின என்றும் சொல்லலாம். ஊர் ஊராகப் பாடித் திரிகிறவர்கள் பூவாயியின் உப்பளத்துக் குடிசையில் படுத்தெழுந்து போகும்போது சிந்திவிட்டுப் போகும் சொற்களை இந்தப் பல்லி பொறுக்கிச் சேர்த்துவைத்திருந்தது.

"அது என்னப்பா ஞிமிறு?"

"தேனீ, அக்கா."

"தேனீன்னு சொன்னா நாக்கு சுளுக்கிக்குமா? பிடிச்சுத் தின்கிறவனுக்குப் பேர் வேற வைக்கணுமாக்கும்."

"தின்கிறதுக்குத் தேனீ போதும். பாட்டுக்கு ஞிமிறு வேணும். ஆடலாமா?"

ஆட்டம் இதுதான். ஒருவர் சொல்லும் வரிகளுக்கு மற்றவர் எதிர்வரி கட்ட வேண்டும். திணறினால் எதிராளி தரையில் மூன்று தட்டு தட்டலாம்: சொல்லு, சொல்லு, சொல்லு. நடுவில் வேறு பேச்சு பேசினவர் தோற்றார். தோற்றவர் தன் புதுச் சொல்லைக் கொடுத்துவிட வேண்டும், பிறகு அதை வாயில் எடுக்கவே கூடாது.

வெளியே உப்பு வெள்ளை மலையாகக் குவிந்து கிடந்தது. பூவாயியும் அவள் புருஷன் சடையனும் கோடை முழுக்க வாரியது. உப்பு வண்டிக்காரர்களைக் கூட்டிவர அவன் போயிருந்தான். அவர்கள் தரும் நெல்தான் அடுத்த கோடைவரைக்கும் சோறு. மழை வருவதற்குள் குவியலைக் கிடுகு போட்டு மூடிவிட வேண்டும். கூரை இடுக்கு வழியாகக் கடலைப் பார்த்து மேகம் ஏறினால் சொல்வது பல்லியின் பொறுப்பு. விளக்கடிப் பூச்சியெல்லாம் அதற்கு விட்டிருந்தது அந்த வேலைக்காகத்தான்.

பூவாயி தொடங்கினாள். நாயை ஞமலி என்றும் நண்டை ஞெண்டு என்றும் சொல்ல அதனிடம் கற்றவள்தான் அவள்.

"ஞமலி குரைக்குது, ஞெண்டு நடக்குது,
ஞாழல் மரத்துல ஞிமிறு கிடக்குது."

பல்லி பதில் சொல்ல வாயைத் திறந்தது. இடுக்கு வழியே கண் போனது. கடலோரத்தில் கருமேகம் ஏறிக்கொண்டிருந்தது.

'அக்கா, மழை' என்றால் முடிந்தது. ஆனால் ஞிமிறு போய்விடும். நேற்றுத்தான் கைக்கு வந்த சொல். பாட்டிலேயே சேதியைச் சொல்லிவிட்டால் சொல்லும் தங்குமே என்று அது கணக்குப் போட்டது.

பூவாயி விரலை மடக்கி மூன்று தட்டு தட்டினாள்.

"ஞாயிறு மறையுது, ஞாலம் இருளுது,
ஞிமிறு கூட்டுக்கு ஞெரேலென விரையுது."

முடைந்துகொண்டிருந்த கை நின்றது. "அடேயப்பா. ஞெரேலென... இதை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தே? இன்னொரு தரம் சொல்லு."

அவளே வேறு பேச்சு பேசித் தோற்றுவிட்டாள், அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாராட்டின் ருசியில் பல்லி அதே பாட்டை, இன்னும் இழுத்து, இன்னும் அழகாக, இரண்டாம் முறை பாடியது.

பாட்டு முடியும்போது கூரைமேல் மழை விழுந்தது.

பூவாயி கிடுகுகளை அள்ளிக்கொண்டு ஓடினாள். ஒரு பக்கம் மூடுவதற்குள் மறுபக்கம் கரைந்து வாய்க்காலில் இறங்கிக் கடலுக்கே போய்ச் சேர்ந்தது. சொட்டச் சொட்டத் திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்தாள்.

"பார்த்தியா நீ?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"பாடுறதுக்கு முந்தியே. பாட்டுல சொன்னேனே அக்கா."

"சொன்னே. நல்லாத்தான் சொன்னே. அதனாலதான் எனக்குக் கேட்கலை."

பல்லி சேர்த்துவைத்த சொற்களில் ஒன்றுகூட அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. வாய்க்குள் நாக்கை மட்டும் கொட்டியது.

ச்சு... ச்சு... ச்சு.

அந்த வருஷம் பூவாயியும் சடையனும் கிழங்கு தோண்டித் தின்றார்கள். சுவரில் சத்தம் கேட்கும்போதெல்லாம் பூவாயி தரையில் மூன்று தட்டு தட்டுவாள், கோபமில்லாமல். எதையோ பார்த்திருக்கிறது, என்னவென்று சொல்லட்டும் என்று. பல்லி சொல்லவில்லை. பேச்சையே விட்டுவிட்டது.

அன்றைக்குப் பிடித்த வழக்கம்தான் இன்னும் நம் வீடுகளில் நடக்கிறது. பல்லி சத்தம் கொடுத்தால் பேச்சை நிறுத்துகிறோம். விரலை மடக்கி மூன்று தட்டு தட்டுகிறோம். மிச்சத்தையும் சொல்லுமா என்று சுவரைக் கொஞ்சம் பார்த்திருந்துவிட்டு, அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு பாதியில் விட்ட வெங்காயத்தை அரியத் தொடங்குகிறோம்.