கார்வேந்தன் வீட்டுக்கு வந்த கோடி

இந்தக் கதைக்குள் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போது தரமாட்டேன். முதலில் ஒரு சாவைப் பார்த்துவிட்டு வருவோம்; சிரிப்பு எங்கேயும் ஓடிவிடாது.

வத்தலக்குண்டில் சலேத்து என்றொரு பெண் இருந்தாள். பழைய சுவர்க்கடிகாரங்களை வாங்கி, பழுது பார்த்து, கைப்பேசியில் நடக்கும் ஏலக் குழுவில் விற்பாள். அதுதான் அவளுக்குச் சோறு. அந்தக் குழுவில் ஒரு கோணல் சட்டம் உண்டு. ஒருவர் விட்ட ஏலம், எடுத்தவர் பணம் கட்டாமல் மூன்று முறை முறிந்தால், விற்றவரையே குழுவைவிட்டு நீக்கிவிடுவார்கள். அடுத்த விலை கேட்டவருக்குக் கொடுத்துச் சமாளித்தாலும் முறிந்தது முறிந்ததுதான்.

ஈரோட்டுக் கார்வேந்தனுக்கோ ஏலம் கேட்பது ஒரு விளையாட்டு. கடைசி நொடியில் எல்லோருக்கும் மேலே ஒரு விலையை ஏற்றுவான். தோற்றவர்கள் உச்சுக்கொட்டுவதைப் படித்து மகிழ்வான். பணம் கேட்டால் காணாமல் போவான். தடுத்து வைத்தால் வேறு பெயரில் வருவான். சலேத்தின் முதல் ஏலம் அவனால்தான் முறிந்தது. கை தவறிப் பட்டுவிட்டது என்றான். இரண்டாவதும் அவனால்தான். "அப்பாரு தவறிட்டாருங்க அக்கா, வீடே இடிஞ்சு கிடக்குது" என்று எழுதினான். அப்பாரு என்றால் அவனுடைய அப்பாவைப் பெற்றவர். பாவம் என்று சலேத்தும் விட்டுவிட்டாள்.

மூன்றாவது கடிகாரத்தை ஏலத்தில் விட்டபோது, கேட்பவர்கள் எல்லோரிடமும் விலாசத்தை முன்கூட்டியே வாங்கிவைத்தாள். புதுப்பெயர்க்காரன் ஒருவன் எடுத்தான். பணம் கேட்டாள். பதில் வந்தது: "அப்பாரு தவறிட்டாருங்க அக்கா, வீடே இடிஞ்சு கிடக்குது."

எழுத்துக்கு எழுத்து அதே துக்கம். போன மாதம் செத்தவர் இந்த மாதமும் செத்திருக்கிறார்.

சலேத்து திட்டவில்லை, மிரட்டவில்லை. கடைக்குப் போய்ப் புது வெள்ளை வேட்டி ஒன்று வாங்கினாள். கடிகாரத்தை அதில் சுற்றிப் பார்சலில் போட்டுவிட்டு ஒரு வரி எழுதினாள்: "அப்பாருவுக்கு என் சார்பில் கோடி. கடிகாரத்துக்குப் பணம் வேண்டாம் தம்பி."

இறந்தவர் மேல் போர்த்த உறவுக்காரர்கள் கொண்டுவரும் புதுத்துணிக்குப் பெயர் கோடி. அது கார்வேந்தனுக்கும் தெரியும். சும்மா வந்த கடிகாரத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் பிரித்தான். வேட்டியைத் தொட்டபோது சிரிப்பு நின்றது. தூக்கிய அசைவில் கடிகாரம் ஒரே ஒரு முறை அடித்து ஓய்ந்தது.

"யாருக்குடா வேட்டி?" என்று உள்ளிருந்து வந்தார் அப்பாரு.

ஆமாம், அவர் உயிரோடுதான் இருந்தார். பல் மட்டும்தான் போயிருந்தது.

கார்வேந்தன் வேட்டியைச் சுருட்டி பீரோவுக்குள் திணித்தான். வாயில் வந்தது பலித்துவிடும் என்று சின்ன வயதில் அம்மா அடித்துச் சொன்னது காதில் கேட்டது. குளிக்கப் போனான். திரும்பி வந்தால், பீரோ திறந்து கிடக்கிறது. கோடியைக் கட்டிக்கொண்டு பிணம் காப்பி கேட்கிறது. அளவெடுத்து நெய்ததுபோல் இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்து மெச்சவும் செய்தது.

அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினான். கிழவர் மசியவில்லை. மதியம் உண்டுவிட்டுக் கூடத்தில் நீட்டிப் படுத்தார். ஈ மொய்த்ததால் வேட்டியைத் தளர்த்தி, தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். காலிலிருந்து தலைவரை வெள்ளை.

வீட்டில் வேறு யாரும் இல்லை. கிழவர் சாவி கொடுத்து மாட்டிவைத்த கடிகாரம் மட்டும் டக், டக் என்றது. கார்வேந்தன் மூக்கு இருக்கும் இடத்தையே பார்த்தான். துணி அசைகிறதா? அசைந்தது போலிருந்தது. அசையாதது போலவும் இருந்தது. கூப்பிட்டுப் பார்க்கலாம்; பதில் வராவிட்டால்? கடைசியில் துணிக்குள்ளிருந்து நீளமாக ஒரு குறட்டை வந்தது. அவன் வாசலுக்கு ஓடிப்போய்ச் சலேத்துக்குப் போன் போட்டான்.

பணத்தை வாங்கிக்கொள்ளும்படி கெஞ்சினான். ஏலத்தில் கேட்டதற்கு மேலேயே தருவதாகச் சொன்னான். அவன் தன்னோடு தானே போட்டியிட்டு விலை ஏற்றியது அதுதான் முதல் தடவை. சலேத்து துக்க வீட்டுக் குரலில் மறுத்தாள்.

"துக்கத்துக்குக் குடுத்ததுக்குக் காசு வாங்கக் கூடாது தம்பி. கருமாதி என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"அக்கா, அப்பாரு சாகலீங்க."



"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. குறட்டை விடுறாருங்க."

"அப்படின்னா அது கோடி இல்ல, வெறும் வேட்டி. பெரியவரே கட்டட்டும். நீங்க கடிகாரத்துக்கு உண்டானதை அனுப்புங்க. கூடக் கொஞ்சம்கூட வேண்டாம்."

குரலில் துக்கம் வற்றியிருந்தது. அவளுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. பணத்தை அனுப்பிவிட்டு, போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் கார்வேந்தனுக்கு எல்லாம் விளங்கியது.

இப்போது சொல்லுங்கள். உயிரோடிருப்பவருக்குக் கோடி அனுப்பிய பாவம் யாருடையது? இல்லாத சாவைச் சொன்னவனுடையதா, பொய்யென்று தெரிந்தே வேட்டி வாங்கியவளுடையதா?

விடை: கடையில் இருந்தவரை அது வேட்டி. அதைக் கோடியாக்கியது சாவு என்ற சொல். அந்தச் சொல் கார்வேந்தனுடையது. ஆகவே பெரும்பங்கு அவனுக்கே. ஆனால் நம்பி அனுப்பியிருந்தால் சலேத்து குற்றமற்றவள். தெரிந்து அனுப்பியதால் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. அதை அவள் அறிந்துதான் வேட்டிக்குக் காசு கேட்கவில்லை. இரண்டு முறை செத்த அப்பாருவிடமும் தீர்ப்பு கேட்டார்கள். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பேரனிடம் சொன்னார்: "அடுத்த தடவை என்னைக் கொன்னா, நல்ல கட்டிலாப் பார்த்து ஏலம் கேளுடா."